மைக்ரோவேவுக்கு மேலே ஓர் அறிவிப்பு

எங்கள் ஊரில் நாலு தமிழர்கள் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கிரீன் கார்டில் வந்து நிற்கும். டாலஸை ஒட்டிய ஃபிரிஸ்கோவில் சனிக்கிழமை காலைகளில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் ஒரு குளத்தைச் சுற்றி நடக்கிறோம். முதல் சுற்றில் முழங்கால் வலி பற்றிப் பேசுவோம். அடுத்த சுற்றில் பேரப்பிள்ளைகள். அதற்குப் பிறகு கார் நிற்கும் இடம் வந்து சேரும்வரை கிரீன் கார்டுதான். யாருடைய மருமகன் எத்தனை வருடமாகக் காத்திருக்கிறான், யாருடைய மனுவில் என்ன கேள்வி வந்தது என்று பேசிக்கொண்டே வாஷிங்டனில் இருப்பவர்களை வாய் வலிக்கத் திட்டுவோம்.

திட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்க எனக்கு அருகதை கிடையாது. மற்றவர்களின் தொழிலில் சட்டம் கடினமாக இருந்தது. என் தொழிலில் அது சுலபமாகத்தான் இருந்தது. அதைக் கடினமாக்கியவன் நான்.

நான் பிசியோதெரபி கிளினிக்குகள் நடத்தியவன். சென்னையில் ஒரு பட்டம், ஹூஸ்டனில் மருத்துவமனை நிர்வாகத்தில் இன்னொரு பட்டம், பிறகு சொந்தமாக ஒரு கிளினிக், அது வளர்ந்து இன்னும் இரண்டு. முழங்கால் மாற்றியவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி நடக்க வைக்கிற இடம். அதற்கு ஆள் கிடைப்பதில்லை. இந்த நாட்டு அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பிசியோதெரபிஸ்டுகளும் நர்சுகளும் போதாது என்று முன்கூட்டியே முடிவுசெய்து அந்த இரண்டு வேலைகளையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறது.

இது என்ன சலுகை என்பது மென்பொருள்காரர்களைக் கேட்டால் தெரியும். அவர்கள் கம்பெனி ஒருவருக்கு நிரந்தர வேலைக்கு மனுப் போடவேண்டுமென்றால் முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும். வருகிற விண்ணப்பங்களைப் படித்து, இந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதைத் தொழிலாளர் துறை பார்த்து முத்திரை குத்தும்வரை காத்திருக்க வேண்டும். எங்களுக்கு இதில் எதுவும் கிடையாது. இந்த ஊரில் இந்த வேலைக்கு என்ன சம்பளம் என்று அரசாங்கத்திடம் ஒரு நிர்ணயம் வாங்க வேண்டும். பிறகு ஓர் அறிவிப்பைத் தட்டச்சு செய்து, வேலை செய்யும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி பத்து வேலை நாள் விடாமல் ஒட்டி வைக்க வேண்டும். அதன் பிறகு நேராக மனுவை அனுப்பிவிடலாம். அவ்வளவுதான்.

ஒரு தாள். அந்த ஒரு தாளை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

காரணம் அந்தத் தாளில் சம்பளம் எழுதியாக வேண்டும். இந்த வேலைக்கு இவ்வளவு என்று பச்சையாக, இலக்கத்தில். கிரீன் கார்டு கைக்கு வரும்போது அந்தச் சம்பளத்தைக் கொடுத்தால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் கண்ணில் பட்டுவிட்டால் அதுவரை யார் பொறுத்திருப்பார்கள்? அந்த இலக்கம் நான் கொடுத்துக்கொண்டிருந்ததைவிட அதிகம். என்னிடம் வேலை பார்த்த அத்தனை பேரும் மதியச் சாப்பாட்டுக்கு, அதை ஒட்ட வேண்டிய ஊழியர் அறையில்தான் கூடுவார்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கூட இலை போடுவதற்குள் “சம்பளம் என்ன வருது?” என்று கேட்டுவிடுவார். இங்கே வந்ததும் நாங்கள் எல்லோரும் அதைக் கேட்காமலிருக்கக் கற்றுக்கொண்டோம். அதை நாகரிகம் என்று நினைத்தோம். முதலாளியான எனக்கு அந்த நாகரிகத்தில் நல்ல லாபம் இருந்தது.

என்னிடம் முதலில் வந்து சேர்ந்தவர்களில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். டாலஸ் விமான நிலையத்துக்கு நானே காரை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தேன். கூடவே கணவர், பின் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்த சின்னப் பெண். “ஊர் எப்படிங்க அங்கிள்?” என்று கேட்டார் அந்தப் பெண். “இனி இது உன் ஊரும்மா. எதுக்கும் கவலைப்படாதே, நான் இருக்கேன்” என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சாதகமாக அல்ல. நல்ல மனது எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்காக.

அவருடைய வேலை மிகச் சுத்தம். நோயாளிகள் அவர் பெயரைச் சொல்லி அவரிடம்தான் போவோம் என்று அடம்பிடிப்பார்கள். கணவர் பொறியியல் படித்தவர். ஆனால் அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. பெண்ணைப் பள்ளியில் கொண்டு விடுவதும் கூட்டிவருவதும் சமைப்பதுமாக வீட்டில் இருந்தார். மனைவியின் மனு நகர்ந்தால்தான் அவர் வாழ்க்கையும் நகரும்.

பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் ஊழியர்களை வீட்டுக்கு அழைப்பேன். அந்தப் பெண் ஒருமுறைகூட மனுவைப் பற்றிக் கிளினிக்கில் கேட்டதில்லை. என் வீட்டில், சாப்பாட்டு நேரத்தில், தயங்கித் தயங்கித்தான் கேட்பார்.

“அங்கிள், நம்ம ஃபைலு என்னாச்சுங்க?”

“வக்கீல்கிட்ட பேசிட்டு இருக்கேம்மா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? வடை ஆறுது பாரு, சாப்பிடு.”

“சரிங்க அங்கிள்.”

இந்த உரையாடல் ஒவ்வொரு பண்டிகைக்கும் நடந்தது. வடைக்குப் பதில் ஒருமுறை சுண்டல், ஒருமுறை சர்க்கரைப் பொங்கல். ஓர் அமெரிக்கர் அவருக்கு முதலாளியாக இருந்திருந்தால் அவர் மின்னஞ்சல் அனுப்பியிருப்பார், தேதி கேட்டிருப்பார், பதில் வராவிட்டால் வேறு இடம் பார்த்திருப்பார். அங்கிளிடம் தேதி கேட்க முடியுமா? விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனவரிடம், முதல் மாதம் தன் வீட்டு மாடியில் தங்க வைத்தவரிடம், எழுத்தில் கொடுங்கள் என்று எப்படிச் சொல்வது? இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வடையைக் காட்டினேன்.

ஒரு நவராத்திரியில் கொஞ்சம் துணிந்துவிட்டார். “அங்கிள், பிசியோவுக்கு விளம்பரமெல்லாம் வேண்டாமாமே. ஒரு நோட்டீஸ் ஒட்டுனா போதும்னு இவரு நெட்டுல பாத்தாருங்க.”

“நெட்ல ஆயிரம் போடுவாங்கம்மா. அவசரப்பட்டுப் போட்டு ரிஜெக்ட் ஆச்சுன்னா வாழ்நாள் பூரா கறுப்புப் புள்ளி. வக்கீலே பயப்படறார்.”

வக்கீல் பயப்படவில்லை. வக்கீல் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் வந்திருந்த தற்காலிக விசாவுக்கு ஆயுள் உண்டு. அது முடியப்போகிற நேரத்தில், மனுப் போடாவிட்டால் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும், எனக்கும் ஆள் போய்விடும் என்ற நிலை வந்தபோதுதான் போட்டேன். அப்போதும் அறிவிப்பை ஒட்ட வேண்டுமே. எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் என்று விதி. துவைத்த துண்டுகள் அடுக்கியிருக்கும், ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய அலமாரியின் கதவுக்கு உட்பக்கத்தில் நான் அதை ஒட்டினேன். கதவை மூடினால் தாள் உள்ளே இருட்டில் இருக்கும். கதவை உள்ளே தள்ளித் திறந்தால் அது பின்னால் போய்ச் சுவரில் சாயும்; தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எந்த நிலையிலும் ஒரு மனிதக் கண் அதைப் பார்க்க வழியில்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் கிளினிக் முழுவதும் சுற்றி வந்தேன். இரண்டு பட்டம் வாங்கிய மூளையை இதற்குத்தான் பயன்படுத்தினேன்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை மிக நீளம். மனுப் போடுகிற நாளில்தான் வரிசையில் இடம் கிடைக்கும். முன்னால் போட்டவர் முன்னால் நிற்பார். பெற்றோரின் முறை வருவதற்குள் பிள்ளைக்கு இருபத்தொரு வயதாகிவிட்டால் பிள்ளை அந்த வரிசையிலிருந்து கழன்று விழும். அந்தப் பெண்ணுக்கும் கணவருக்கும் கார்டு வந்தது. பின் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்த மகளுக்கு அதற்குச் சற்று முன்புதான் இருபத்தொன்று முடிந்திருந்தது.

மகள் கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்தாள். கம்பெனி அவளுக்காக வருடாந்திர விசாக் குலுக்கலில் போட்டுப் பார்த்தது, விழவில்லை. கம்பெனிக்கு டொரொண்டோவில் ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே போ என்றார்கள். அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அவர்கள் வீட்டில் விருந்து. இட்லியும் பீட்சாவும் ஒரே மேசையில் இருந்தன.

“அங்கிள், கேன் யூ பிலீவ் இட்? என்கிட்ட ஒரு நிஜமான விண்டர் கோட்கூட இல்ல” என்றாள் மகள். டெக்சஸில் வளர்ந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

“பனியில நடக்கவே தெரியாது இவளுக்கு. போன தடவ ஒரு நாள் ஐஸ் விழுந்ததுக்கே வாசல்ல வழுக்கி உக்காந்துட்டா” என்றார் தாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மகளின் தோளை அவர் கை விடவே இல்லை.

விருந்துக்கு வந்த ஒருவர் தட்டை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “லா அப்படி இருக்கு. யாரு என்ன பண்றது?”

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்குக் காரை ஓட்டிவரும்போது என் கழுத்தே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை குளக்கரைக் கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். துண்டு அலமாரி உட்பட. அதிர்ச்சி அடைவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாருக்கும் நடைகூடத் தளரவில்லை.

“அந்தக் காலத்துல யாருய்யா டயத்துக்குப் போட்டான்?” என்றார் மென்பொருள் கம்பெனி நடத்தி விற்றவர். “ஆளைப் பிடிச்சு வச்சுக்கணும்னா அப்படித்தான். உலகம் பூரா அதான்.”

“நீ சீக்கிரம் போட்டிருந்தா மட்டும் கிளியர் ஆயிருக்குமா?” என்றார் இன்னொருவர்.

“ஆயிருக்கும்” என்றேன். “அவ வந்த புதுசுல போட்டவங்க பிள்ளைங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. பாத்துட்டேன்.”

“பெரிய ஆராய்ச்சி. நீ என்ன செனட்டரா? வரிசையை நீயா நீட்டினே? சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காம நட.”

அன்போடுதான் சொன்னார்கள். அந்த அன்பு எனக்கு வேண்டாம். வரிசையை நான் நீட்டவில்லை, சரி. வரிசையின் வாசலிலேயே ஒருத்தியைப் பிடித்து நிறுத்தி வைத்தது நான்தானே? அதற்கு வாஷிங்டன் எப்படிப் பொறுப்பு? அன்று முதல் இந்த ஆறுதலை யார் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவது என்று முடிவு செய்தேன். இரண்டு சனிக்கிழமைகளில் என்னோடு நடக்க ஆளில்லாமல் போயிற்று.

பிறகு அந்தப் பெண்ணிடம் போனேன். மதிய இடைவேளையில் கிளினிக் வாசலில் காரில் உட்கார்ந்து மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். டொரொண்டோவில் பூட்ஸ் வாங்குவதைப் பற்றிய பேச்சு. முடியும்வரை வெயிலில் நின்றேன். அவர் கண்ணாடியை இறக்கியதும் சொன்னேன். மனுப் போட எந்தத் தடையும் இருக்கவில்லை என்பதை, வக்கீல் பயந்தார் என்பது பொய் என்பதை, சம்பளம் தெரிந்துவிடும் என்றுதான் தள்ளிப்போட்டேன் என்பதை, துண்டு அலமாரியை.

அவர் காரை விட்டு இறங்கவில்லை.

“எதுக்குங்க அங்கிள் இப்போ சொல்றீங்க?”

வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“தூக்கம் வரலீங்களா? அதுக்கு மாத்திரை இருக்குதுங்க.”

“அம்மா…”

“நான் திட்டோணும்னு நிக்கறீங்க. திட்டமாட்டேனுங்க. திட்டுனா உங்களுக்கு லேசாயிரும்.” கண்ணாடியைப் பாதி ஏற்றிவிட்டு மறுபடி இறக்கினார். “அந்தத் திருநெல்வேலித் தம்பியோட பேப்பரு சின்னவரு மேசை மேலதான் மாசக்கணக்கா கெடக்குது. அவனுக்கு ரெண்டு புள்ளைங்க, ரெட்டைங்க. மூணாங்கிளாஸ் படிக்குதுங்க. அதப் பாருங்க மொதல்ல.”

சின்னவர் என்பது என் மகன். கிளினிக்குகளை இப்போது அவன்தான் நடத்துகிறான். பங்கில் பாதி இன்னும் என் பெயரில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க அவனுக்கும், எடுத்துக்கொடுக்க எனக்கும் நேரம் வரவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த பிசியோ மூன்றாம் வருடமாக அங்கே வேலை பார்க்கிறான். அவனுக்காகக் கேட்ட சம்பள நிர்ணயம் அரசாங்கத்திடமிருந்து வந்து, மகன் மேசையில் ஒரு காபிக் கோப்பைக்கு அடியில் இருந்தது. அதற்கும் ஓர் ஆயுள் உண்டு. முடிந்தால் மறுபடி கேட்க வேண்டும், மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முடிய அதிக காலம் இல்லை.

“அப்பா, ஐ வில் ஹேண்டில் இட்” என்றான் மகன்.

“எப்போ?”

“நெக்ஸ்ட் குவார்ட்டர்.”

“அதுக்குள்ள இது எக்ஸ்பயர் ஆயிடும்.”

“திரும்ப அப்ளை பண்ணிக்கலாம். இப்போ அந்த நோட்டீஸை ஒட்டினா எல்லாரும் ரெய்ஸ் கேட்டு வருவாங்க. அக்கா ஃபர்ஸ்ட் வருவாங்க. புதுசா வந்தவனுக்கு அவங்களைவிட ஜாஸ்தி சம்பளம் அதுல இருக்கு. டூ யூ கெட் தட்?”

அக்கா என்று அவன் சொன்னது கோயம்புத்தூர்ப் பெண்ணை. கார்டு வந்தபோது அவருக்கு, பழைய மனுவில் எழுதியிருந்த அந்தப் பழைய தொகையையே சம்பளமாக்கிக் கணக்கை முடித்திருந்தோம். எத்தனையோ வருடத்துக்கு முந்தைய விலை. கார்டு வந்தால் போய்விடுவார் என்று பயந்து பயந்து நான் பூட்டி வைத்தவர், கார்டு வந்தபிறகும் போகவில்லை. தன் நோயாளிகளை விட்டுப் போக மனமில்லை என்றார். எனக்கு அது எப்படிப்பட்ட அடி என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

“வரட்டும். வந்து கேக்கட்டும்” என்றேன்.

மகன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். “அப்பா, இது நான் கண்டுபிடிச்ச ரூல் இல்ல. நீங்க சொல்லிக் குடுத்தது. டோன்ட் போஸ்ட் இட் அன்டில் யூ ஹேவ் டு. யுவர் வேர்ட்ஸ்.”

“ஆமா. நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். இப்போ மாத்திச் சொல்றேன்.”

“இட்ஸ் நாட் தட் ஈஸி.”

“ஈஸிதான்டா. அதுதான் அவமானம். ஒரு பேப்பர், நாலு துண்டு டேப்.”

“நாளைக்கு ரெண்டு பேர் வேலையை விட்டா நீங்க வந்து பேஷண்ட் காலை மடக்கி நீட்டுவீங்களா?”

“எனக்கு வயசு எழுபதுக்கு மேல. என் காலையே மடக்க முடியல. இருந்தாலும் வரேன்.”

அவன் சிரிக்கவில்லை. நானே வக்கீலுக்குப் போன் செய்து அறிவிப்பை எழுதி வாங்கினேன். ஊழியர்கள் சாப்பிடும் அறையில், குறைந்தபட்ச ஊதியம், வேலையிடப் பாதுகாப்பு என்று அரசாங்கம் கட்டாயமாக ஒட்டச் சொல்லும் சுவரொட்டிகள் தொங்குகிற பலகையில் ஒட்டினேன். எழுத்துப் பெரிதாக, சம்பளம் தெளிவாக.

மறுநாள் காலை அது இல்லை.

மறுபடி ஒட்டினேன். இடையில் ஒரு நாள் இல்லாமல் போனால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ஆகவே அதன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வீட்டிலிருந்து காபி, ஒரு புத்தகம், முதுகுக்கு ஒரு தலையணை. மகன் இருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். மூன்றாம் முறை மட்டும், “அப்பா, திஸ் இஸ் எம்பராஸிங்” என்றான்.

“யாருக்கு?” என்று கேட்டேன். கதவு மூடிக்கொண்டது.

திருநெல்வேலிக்காரன் மெல்ல உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“அங்கிள், வேண்டாம் அங்கிள். சின்னவரு கோவிச்சுக்கிடுவாரு. அடுத்த வருஷம் போடலாம்னு சொல்லிருக்காவ. நான் காத்துக்கிட்டு இருக்கேன், பரவாயில்ல.”

“நீ காத்திரு. நான் காத்திருக்க மாட்டேன்.”

“உங்களுக்கும் அவுகளுக்கும் என்னால சண்டை வரக்கூடாதுன்னுதான்…”

“உன்னால இல்லப்பா. இது பழைய சண்டை. நீ போய் உன் பேஷண்டைப் பாரு.”

அவன் தயங்கி நின்று, “ரொம்ப நன்றி அங்கிள்” என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. விமான நிலையத்தில் அந்தப் பெண் சொன்னதும் இதே வார்த்தைதான், இதே குரலில்தான். “நன்றி சொல்லாதே. சட்டம் உனக்குக் குடுக்கறதை நான் குடுக்கறேன். எப்போ போட்டோம்னு ரசீது வரும், அதோட காப்பி உன் கைக்கு வரணும். வரலைன்னா கேளு. கிளினிக்ல வந்து கேளு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில கேக்காதே” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பாவம், மிரண்டு போனான்.

மதியம் எல்லோரும் சாப்பிட வந்தார்கள். நான் உட்கார்ந்திருந்ததால் கூச்சப்பட்டு யாரும் பலகைப் பக்கம் போகவில்லை. முதலாளியின் அப்பா காவலுக்கு உட்கார்ந்திருக்கும் தாளை யார் படிப்பார்கள்? அது எனக்கு உறைக்கவே இல்லை. துண்டு அலமாரியில் மறைத்து வைத்தவன், இப்போது என்னையே வைத்து அதை மறைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அந்தப் பெண் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். பலகைக்கு நேராகப் போனார். மேலிருந்து கீழ்வரை படித்தார். சம்பளம் எழுதியிருந்த வரியில் அவர் விரல் வந்து நின்றது. விரலை எடுக்காமல் மறுபடி ஒருமுறை மேலிருந்து படித்தார்.

பிறகு நகத்தால் டேப்பைக் கிளப்பித் தாளைப் பலகையிலிருந்து எடுத்தார். அதை எடுத்துக்கொண்டு போய் மைக்ரோவேவுக்கு மேலே, கண் மட்டத்தில், அழுத்தி ஒட்டினார்.

“அங்க ஒட்டுனா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. சோறு சூடாகற நேரம் எல்லாரும் இங்கதான் எதையாச்சும் வெறிச்சுப் பாத்துட்டு நிப்பாங்க” என்றார். யாரிடம் என்றில்லை, பொதுவாகச் சொன்னார். “நீங்களும் எந்திரிச்சுப் போங்க. நீங்க உக்காந்திருந்தா யாரு பக்கத்துல வருவா? இனி இத எவனும் எடுக்க மாட்டான். நாங்க பாத்துக்கறோம்.”

டப்பாவை மைக்ரோவேவில் வைத்து பட்டனை அழுத்திவிட்டு, நேராக மகனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாப்பாடு சூடாகி மைக்ரோவேவ் கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது. யாரும் திறக்கவில்லை. அதற்கு முன்னால் இப்போது மூன்று பேர் நின்று, தலையை அண்ணாந்து, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. டப்பாவை எடுத்து, தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டதென்று மறுபடி உள்ளே வைத்தார். என்னால் அடக்க முடியவில்லை. பழைய பழக்கம். நம்ம வீட்டுப் பொண்ணு என்று இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி வந்த உரிமை.

“என்னம்மா சொன்னான்?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விமான நிலையத்தில் முதல்முறை பார்த்தபோதுகூட அவ்வளவு நேராகப் பார்க்கவில்லை.

“அது எனக்கும் முதலாளிக்கும் நடந்த பேச்சுங்க. நீங்க கேக்கப்படாதுங்க, சார்.”

சார். அதுவரை ஒருநாளும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. தலையணையையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வலித்தது, ஆனால் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி நான் கேட்கப்போவதில்லை. முதல் நாளிலிருந்தே நான் அவருக்கு சாராக இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் அவர் தேதி கேட்டிருப்பார்.

மனு போய்விட்டது. மகன் கையெழுத்துப் போட மறுத்தான். என் கையெழுத்தே போதுமானது. ரசீதின் காப்பி திருநெல்வேலிக்காரனிடம் இருக்கிறது. அவன் அதை போனில் படமெடுத்து வைத்திருக்கிறான், நான் கேட்காமலே காட்டினான். அவனுக்கும் வரிசை நீளம்தான். ஆனால் அவன் வரிசையில் நிற்கிறான், வாசலில் இல்லை. மற்றவர்களின் சம்பளமும் உயர்ந்தது. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது; நான் கேட்கப்படாதல்லவா.

இனிமேல் கிளினிக்குக்கு வரவேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான். “வீட்டுக்கு நான் வரேன்ப்பா. இங்க வேண்டாம்.” வருகிறான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறுகளில். நாங்கள் தொழிலைப் பற்றிப் பேசுவதில்லை. நான் செய்தது சரிதான் என்று அவன் ஒருநாள் சொல்வான் என்று எனக்கு எதிர்பார்ப்பு இல்லை. அவனுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்தவன் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இதனால் எதுவும் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். டொரொண்டோவில் ஒரு பெண் பனியில் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் தாய் அவளைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். அதற்கு யார் காரணம் என்று கேட்டால் சட்டம் என்று சொல்லாதீர்கள். குளக்கரையில் என்னோடு மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கும் நண்பர்களிடமும் இதையே சொல்கிறேன். “சரிய்யா, நீதான் காரணம். இப்போ சந்தோஷமா? நட” என்கிறார்கள். அது போதும்.

அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டிய நாட்கள் எப்போதோ முடிந்துவிட்டன. எடுத்துவிடலாம் என்று வக்கீல் எழுதினார். எடுத்துவிடச் சொல்லி மகனும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். போன வாரம், வரக்கூடாது என்று சொல்லப்பட்ட கிளினிக்குக்குப் பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தேன். மைக்ரோவேவுக்கு மேலே அப்படியே இருந்தது. ஒரு மூலையில் சாம்பார் தெறித்திருந்தது. டேப் கொஞ்சம் விட்டிருந்தது.

என் காரில் எப்போதும் ஒரு டேப் சுருள் இருக்கிறது. போய் எடுத்துவந்து, நாலு மூலையும் புதிதாக ஒட்டிவிட்டு வந்தேன்.